சம்பாப் பணமும் அறுபது வயதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுமைக்காலச் சேமிப்பைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் ஆலோசனைகள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. சம்பளம் வந்த முதல் தேதியிலேயே ஒரு பங்கை ஒதுக்கிவிட வேண்டும் என்று தொடங்கும் அந்த அறிவுரை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நெல் சாகுபடியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்குப் பொருந்துவதில்லை. எங்களுக்கு முதல் தேதி என்று ஒன்று கிடையாது. புரட்டாசி, ஐப்பசியில் குறுவைப் பருவத்து நெல் பணமும், தை முதல் பங்குனி வரை சம்பா, தாளடிப் பருவங்களின் பணமும் வரும். மற்ற மாதங்களில் உழவு, நாற்று, நடவு, உரம், களை என்று செலவுதான். நீடாமங்கலம் பகுதியில் துணை அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன், குடும்ப நிலத்தில் இன்றும் சாகுபடி செய்கிறவன் என்ற முறையில், அறுவடைக் காலத்தை ஒட்டி முதுமைக்குச் சேமிக்க வழி இருக்கிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

நிலம் இருக்கும்போது பென்ஷன் எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னமும் அதிகம். பட்டாவில் மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கும். இரத்த அழுத்த மாத்திரை வாங்க மகனிடம் கேட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். வயதான காலத்தில் நிலம் பணமாக வேண்டுமானால் விற்க வேண்டும், இல்லையேல் குத்தகைக்கு விட வேண்டும்; குத்தகையோ மேட்டூர் தண்ணீரைப் பொறுத்தது. வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும் அணை 2024இல் ஜூலை 28 அன்றுதான் திறக்கப்பட்டது. பெற்ற பிள்ளை சோறு போடாவிட்டாலும் வைத்த தென்னம்பிள்ளை சோறு போடும் என்று நம்பியிருந்த பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில், 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயல் தோப்புத் தோப்பாகச் சாய்த்துவிட்டுப் போனது. புதிதாக வைத்த கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அறுபதைக் கடந்தவர் அந்த ஆண்டுகளை எதைக் கொண்டு ஓட்டியிருப்பார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நகையும் அப்படித்தான். நகை ஆபத்துக்கு உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் காவிரி டெல்டாவில் பல வீடுகளின் பீரோவில் இருப்பது நகையன்று, நகைக்கடன் அட்டை. ஆனியில் நாற்றங்காலுக்காக அடகுக்குப் போகும் சங்கிலி மாசியில் திரும்பி வந்து, ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளப்பட்டு, பள்ளிக் கட்டணத்துக்காக வைகாசியில் மறுபடியும் வங்கிக்குப் போய்விடும். ஆண்டில் பாதிக்கு மேல் அடகில் கிடந்து வட்டி தின்னும் பொருளை முதுமைக்கான சேமிப்பென்று கணக்கில் எழுதுவது தவறு. கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனை உரிய தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லை என்றிருக்க, அதைத் தவணை தவற விட்டுவிட்டு நகையை வைத்துச் சமாளிப்பவர்களையும் பார்க்கிறேன். நெல் பணம் வந்ததும் முதல் வேலையாகப் பயிர்க்கடனை அடைப்பதே சேமிப்பின் தொடக்கம்.

அடுத்து, திட்டங்களுக்கு வருகிறேன். 2015இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயதுக்குட்பட்டவர்கள் சேரலாம். வருமான வரி செலுத்துவோர் 2022 அக்டோபர் முதல் சேர முடியாது என்பதைத் தவிர வேறு பெரிய தடை இல்லை. அறுபது வயதிலிருந்து மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை நாம் தேர்ந்தெடுத்த தொகை கிடைக்கும். சந்தாதாரர் இறந்தால் அதே தொகை வாழ்க்கைத் துணைக்கும், இருவருக்கும் பிறகு சேர்ந்துள்ள தொகை வாரிசுதாரருக்கும் போகும். இத்திட்டத்துக்கு மாதந்தோறும்தான் கட்ட வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். காலாண்டுக்கு ஒரு முறையோ அரையாண்டுக்கு ஒரு முறையோ கட்டவும் வழி உண்டு. முப்பது வயதில் சேர்ந்து 5,000 ரூபாய் ஓய்வூதியம் கேட்பவருக்கு மாதத் தவணை 577 ரூபாய்; அரையாண்டுத் தவணை 3,400 ரூபாய்ச் சொச்சம். 2025-26 பருவத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்பதால், நாற்பது கிலோ சிப்பம் ஒன்றின் விலை சரியாக 1,000 ரூபாய். ஆக, குறுவையில் நான்கு சிப்பம், சம்பாவில் நான்கு சிப்பம் ஒதுக்கினால் போதும். கணவன் பெயரில் மட்டுமின்றி மனைவி பெயரிலும் தனியாகச் சேர வேண்டும் என்பது என் கருத்து; நிலமும் வீடும் பெரும்பாலும் ஆண் பெயரிலேயே இருக்கும் எங்கள் ஊர்களில் இது அவசியம்.

சிறு, குறு விவசாயிகளுக்கென 2019இல் வந்த பிரதமரின் கிசான் மாந்தன் திட்டத்தில் வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்டினால் அதே அளவு தொகையை மத்திய அரசும் செலுத்தி, அறுபதில் மாதம் 3,000 ரூபாய் தருகிறது. ஆனால் நிலம் தம் பெயரில் இருக்க வேண்டும். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுபவர்களுக்கு இது உதவாது. அவர்களும் விவசாயக் கூலித் தொழிலாளர்களும் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஷ்ரம் யோகி மாந்தன் திட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம். அதிலும் 3,000 ரூபாய்தான், அரசின் சமபங்கும் உண்டு.

இவற்றை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், முப்பது ஆண்டுகள் கழித்து வரும் 5,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு சுமார் 870 ரூபாய்தான். அது மாத்திரைச் செலவுக்கு ஆகலாம், குடும்பம் நடத்த ஆகாது. எனவே ஓரளவு வசதியுள்ளவர்கள் பி.பி.எஃப். எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கையும் தொடங்க வேண்டும். விவசாயிக்கென்றே வகுத்தது போன்ற சில விதிகள் அதில் உண்டு. ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம் என்பதற்கு உட்பட்டு, கையில் பணம் உள்ளபோது உள்ளதைக் கட்டலாம். விளைச்சல் பொய்த்த ஆண்டில் 500 ரூபாயோடு நிறுத்திக்கொண்டால் கணக்கு உயிரோடு இருக்கும். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குப் பிறகு உள்ள குறைந்தபட்ச இருப்புக்கே வட்டி என்பதால், ஏப்ரல் 5க்குள் மொத்தமாகக் கட்டுபவருக்கு அந்த ஆண்டு முழுமைக்கும் வட்டி கிடைக்கும். சம்பா, தாளடிப் பணம் வங்கிக் கணக்கில் ஏறும் காலமும் அதுதானே! ஆண்டுதோறும் அப்படி 50,000 ரூபாய் கட்டி வந்தால், 2020 ஏப்ரல் முதல் மாறாதிருக்கும் 7.1 விழுக்காட்டு வட்டி நீடிக்கும் பட்சத்தில், பதினைந்து ஆண்டு முடிவில் ஏழரை லட்சம் பதின்மூன்றரை லட்சமாகும். கடனுக்காக நீதிமன்றம் ஜப்தி உத்தரவு போட்டாலும் இந்தக் கணக்கைத் தொட முடியாது என்பது, கடனில்லாத ஆண்டையே காணாத சாகுபடிக்காரருக்குச் சிறிய பாதுகாப்பன்று.

அறுபது வயது முடிந்ததும் அந்தத் தொகையை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றலாம். பத்து லட்சம் போட்டால், 2023 ஏப்ரல் முதல் இருந்துவரும் 8.2 விழுக்காட்டு வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 20,500 ரூபாய் வரும். அசல் அப்படியே இருக்கும்.

இத்தனை இருந்தும், கூடுதல் வட்டி என்ற ஒரே காரணத்துக்காகத் தெரிந்தவர் சொன்ன தனியார் நிதி நிறுவனத்தில் போட்டு ஏமாறுவது நின்றபாடில்லை. 1904இலேயே கும்பகோணத்தில் வங்கி கண்ட மண்ணுக்கு இது அழகன்று. வங்கியில் ஒருவருக்கு வட்டியும் அசலும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. தனியார் நிதி நிறுவனங்களுக்கு அது இல்லை, நம் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்து வைப்புக்கும் இல்லை. சங்கத்தில் போடவே கூடாது என்று சொல்லவில்லை. ஆயுள் சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் வைப்பவர் இதைத் தெரிந்துகொண்டு வைக்கட்டும். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் புகார் கொடுக்கலாம் என்றாலும், எழுபது வயதில் அதற்காக அலைவது யாரால் ஆகும்?

இறுதியாக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வற்புறுத்தலாலோ, உயிலைவிட இது சுலபம் என்று யாரோ சொன்னதாலோ, உயிரோடிருக்கும்போதே சொத்தைத் தான செட்டில்மென்ட் பத்திரமாகப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிடும் பழக்கம் பரவிவருகிறது. எழுதிய மறுநாளே பட்டா மாறுதலுக்கு மனு போகிறது; அடுத்த பருவத்து நெல் பணம் மகன் கணக்கில் ஏறுகிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் 23ஆவது பிரிவின்படி, தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்து ரத்துச் செய்விக்க முடியும். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால் வழக்குக்கு அதைவிடப் பலம் வேறில்லை. பல பத்திரங்களிலோ 'அன்பின் காரணமாக' என்ற வழக்கமான வரியோடு சரி. உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றுக்கு மகன் பொறுப்பு என்றும், எழுதிக் கொடுப்பவரும் அவர் மனைவியும் உள்ளவரை விளைச்சலை அவர்களே அனுபவிப்பது என்றும் இரண்டு வரி சேர்க்கப் பத்திர எழுத்தர் கூடுதல் கட்டணம் கேட்கப் போவதில்லை.

கொள்முதல் நிலையங்கள் இயங்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், நெல் கொண்டுவரும் விவசாயிகள் மணிக்கணக்கில் காத்திருக்கும் அந்த இடத்திலேயே அஞ்சல் துறையும் வங்கிகளும் கணக்குத் தொடங்கும் முகாம்களை நடத்த வேண்டும். அரையாண்டுத் தவணை வசதியை விண்ணப்பம் எழுதும்போதே ஊழியர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டங்களில் முன்னோடி வங்கி மேலாளர்களிடம் இதற்கான தேதியைக் கேட்டுப் பெறுமாறு நான்கு மாவட்ட ஆட்சியர்களையும் கேட்டுக்கொள்கிறேன். முகாம் நடக்கும் ஊர், நாள் விவரங்களைத் தாங்கள் மாவட்டப் பக்கத்தில் வெளியிட்டு உதவ வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற துணை அஞ்சலக அலுவலர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.