சத்தம் எங்கே என்று தெரிந்த பின் பாகத்தை மாற்றட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரில் இனம்புரியாத சத்தம் கேட்கிறது என்று பணிமனைக்குப் போனால், அது எங்கிருந்து வருகிறது என்று உறுதியாகும் முன்பே ஷாக் அப்சார்பர், அடுத்து சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் பேரிங், அடுத்து டயர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் வழக்கம் குறித்து எழுத விரும்புகிறேன். நல்ல நிலையில் இருந்த பாகங்களுக்கெல்லாம் பணம் போன பின்னும், பல வேளைகளில் சத்தம் அப்படியேதான் இருக்கிறது.

இதில் மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்ல முடியாது. 'முன்பக்கம் ஏதோ சத்தம்' என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். ஓரிடத்தில் எழும் அதிர்வு காரின் உலோகக் கூட்டின் வழியே பரவி வேறோர் இடத்தில் ஒலிக்கக்கூடியது என்பதால், காது காட்டும் திசையை முழுவதும் நம்ப இயலாது. ஆகவே சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று கவனித்துச் சொல்வதே மெக்கானிக்குக்கு உதவும்.

வண்டி நிற்கும்போதே நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தமும் கூடுகிறது என்றால், எஞ்சின், பெல்ட், சைலன்சர் ஆகியவற்றில் தேடத் தொடங்கலாம். ஓடும்போது மட்டும் கேட்டு, அதே வேகத்தில் கியரை மாற்றினாலும் அதன் தன்மை மாறாவிட்டால், சக்கரங்களின் பக்கம் பார்க்க வேண்டும். அங்கும் டயரையும் பேரிங்கையும் குழப்பிக்கொள்வது எளிது. இரண்டுமே வேகம் கூடக் கூட உரக்கும் ஒரே மாதிரியான ரீங்காரத்தைத் தரும். டயரின் சத்தம் சாலையின் தளம் மாறும்போது மாறும். முன் டயர்களையும் பின் டயர்களையும் மாற்றிப் பொருத்தினால் சத்தமும் இடம் மாறும். பேரிங் அப்படியல்ல. வண்டி இடப்புறம் வளையும்போது பாரம் வலப்புறச் சக்கரங்களில் ஏறுவதால், அப்போது ரீங்காரம் உரத்து, வலப்புறம் வளையும்போது தணிந்தால், வலப்புறப் பேரிங்கைச் சந்தேகிக்க இடமுண்டு.

ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக நகரும்போது மட்டும் 'டக் டக்' என்று கேட்டால், முன்சக்கரங்களால் இயங்கும் கார்களில் முதலில் பார்க்க வேண்டியது, திரும்பும் சக்கரத்துக்கு எஞ்சினின் சுழற்சியைக் கடத்தும் இணைப்பான சி.வி. ஜாயின்ட். மேடுபள்ளத்தில் எழும் 'டொக்' சத்தத்துக்கு உடனே ஷாக் அப்சார்பர்மீது பழி விழுகிறது. சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் அமைப்பின் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்ஷும், வளைவில் வண்டி அதிகம் சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்கும் தேய்ந்திருந்தால் அதே சத்தத்தைத் தரும், அவற்றை மாற்றுவதற்கான செலவும் பெரும்பாலும் குறைவு. இவை எல்லாவற்றுக்கும் முன்பு டிக்கியைக் காலி செய்து ஓட்டிப் பார்ப்பது நல்லது. சரியாகப் பொருத்தாத ஜாக்கி சஸ்பென்ஷன் பழுதைப் போலவே நடிக்க வல்லது.

இப்படி நிதானமாக ஆராய எல்லாச் சத்தமும் அவகாசம் தராது. சக்கரம் கழற்றி மாட்டிய பின் தட்டும் ஓசை கேட்டால், உடனே பாதுகாப்பாக நிறுத்தி நட்டுகளைப் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கையில் இரும்பில் இரும்பு அரைவதுபோல் கேட்டாலும், ஆயில் விளக்கு எரிந்து எஞ்சினுக்குள் இடிப்பதுபோல் கேட்டாலும், வண்டியை நிறுத்திவிட்டுப் பணிமனைக்கு இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்வதே சரி.

பணிமனைகளிடம் நான் வேண்டுவது, பாகத்தில் கைவைக்கும் முன் உரிமையாளரை உடன் அழைத்துச் சென்று சத்தம் வரும்படி ஓட்டிப் பார்க்க வேண்டும்; அந்த நேரத்துக்கு ரசீதில் தனிக் கட்டணமும் போட வேண்டும் என்பதே. பாகத்துக்கு மட்டும் பணம் கொடுப்போம், பழுதைக் கண்டுபிடிக்கும் உழைப்புக்குக் கொடுக்க மாட்டோம் என்று நாம் முகம் சுளிக்கும்வரை, பாகத்தை மாற்றிப் பார்ப்பதுதான் பணிமனைக்கு லாபமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்