மீனாளுக்கு, செட்டிநாடு வருமுன்

அன்புள்ள மீனாளுக்கு,

ஆத்தா எழுதுவது. சிநேகிதிகள் நாலு பேரோடு சிங்கப்பூரிலிருந்து வருவதாக அப்பச்சி சொன்னார்கள். தையில் வரலாமா என்று கேட்டாயாம். மார்கழியிலேயே வந்துவிடு. தை பிறந்தால் கல்யாணங்கள் தொடங்கிவிடும். பூட்டிக் கிடந்த வீடெல்லாம் அப்போது திறந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் விசேஷ வீட்டுக்குள் வெளியாட்களைக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டுவது அவர்களுக்கும் சங்கடம், உனக்கும் சங்கடம். மார்கழியில் கல்யாணம் கிடையாது, வெயிலும் தாழ்வு, தெருவெல்லாம் கோலம்.

திருச்சியில் இறங்கினால் மதுரைப் பக்கம் போகவே வேண்டாம். புதுக்கோட்டை, திருமயம், கானாடுகாத்தான், காரைக்குடி என்று எல்லாம் ஒரே சாலையில் வரிசையாக வரும். திருமயம் கோட்டை 1687இல் ராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டியது. பாறை மேல் ஏற வேண்டும். பதினொரு மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும், ஆகையால் காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள். அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் தனித்தனிக் குடைவரை இருக்கிறது. நடுப்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். பிள்ளையார்பட்டிக்கும் இதே கணக்குதான்: காலையில் போ, இல்லாவிட்டால் நாலரை மணிக்கு மேல் போ.

ஒரு நாளில் ஐந்து ஊர் என்று திட்டம் போடாதே. கானாடுகாத்தானுக்கு ஒரு முழு நாள் கொடு, ஆத்தங்குடிக்கு அரை நாள் கொடு. கானாடுகாத்தான் அரண்மனையை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும், உள்ளே விடுவார்கள் என்று நம்பி சிநேகிதிகளிடம் சொல்லி வைக்காதே. காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடும் அப்படித்தான். ஆத்தங்குடிப் பெரிய வீட்டுக்குக் கட்டணம் உண்டு, உள்ளே விடுவார்கள். சினிமாப் படப்பிடிப்பு நடந்தால் மட்டும் முடியாது, முதல் நாளே விசாரித்துக்கொள். மற்ற வீடுகளில் சாவி காவல் பார்க்கிறவரிடம் இருக்கும். ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள் இருப்பார்கள், யாராவது ஒருவர் சரி என்று சொன்னால்தான் அவர் திறக்க முடியும். "அண்ணே" என்று மரியாதையாகக் கேள், வரும்போது கையில் ஏதாவது கொடு. செருப்பைத் திண்ணைக்குக் கீழேயே விட்டுவிடச் சொல். சாமி வீட்டுப் பக்கம் கேமராவைக் காட்ட வேண்டாம்.

வருகிறவர்கள் பெரும்பாலும் முகப்பிலேயே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். நீ அவர்களைத் தலைவாசலில் நிறுத்தி நேரே பார்க்கச் சொல். முகப்பு, வளவு என்கிற உள்முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு என்று வாசல்கள் ஒரே கோட்டில் போய்ப் பின்தெருவில் முடியும். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. வளவைச் சுற்றியிருக்கும் ஒவ்வோர் அறையும் ஒரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. கூரை ஒன்றாக இருந்தாலும் அடுப்பு தனித்தனி. இதைச் சொன்னால்தான் இத்தனை பெரிய வீடு எதற்கு என்பது அவர்களுக்குப் புரியும். தூண் பர்மாத் தேக்கு, தரை இத்தாலிச் சலவைக்கல், கண்ணாடி பெல்ஜியம் என்பதையெல்லாம் வழிகாட்டியே சொல்லிவிடுவார்.

வளவில் நின்று மேலே பார்க்கச் சொல். நாலு பக்க ஓட்டுச் சரிவும் முற்றத்தை நோக்கி இறங்கும். மழைத் தண்ணீர் மூலையில் விழுந்து, கொஞ்சம் அண்டாவில் பிடித்தது போக, மீதி வடிகால் வழியாக வெளியேறி ஊருணிக்குப் போகும். மழை குறைந்த பூமியில் இவ்வளவு பேர் வாழ்ந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

பிறகு சுவர். புறங்கையை வைத்துப் பார்த்தால் மத்தியானத்திலும் சில்லென்றிருக்கும். சுண்ணாம்பை நன்றாக அரைத்துக் கடுக்காய்த் தண்ணீரும் பனைவெல்லமும் சேர்த்துப் பல பூச்சுப் பூசுவார்கள். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்தச் சுவரில் விரிசல் கண்டதும் சிமெண்ட் வைத்து அடைப்பதுதான் இன்றைக்கு நடக்கும் பெரிய கேடு. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. உள்ளே தங்கிய ஈரம் பக்கத்துப் பூச்சை உப்ப வைத்துப் பாளம் பாளமாகப் பெயர்த்துவிடும். அப்படிப் பெயர்ந்த இடம் எந்தத் தெருவிலும் கண்ணில் படும், அவர்களுக்குக் காட்டு.

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் போடும் பட்டறைக்குக் கட்டாயம் போங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் கரைத்த சிமெண்ட் சாயத்தைக் கையாலேயே ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் சாயம் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும், கைப்பழக்கம் அங்கேதான் இருக்கிறது. மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி ஈரத்தை உறிஞ்ச விட்டு, அதன் மேல் கலவையைப் போட்டு மட்டம் பண்ணுவார்கள். காய்ந்த பிறகு பல நாள் தண்ணீரில் ஊற வேண்டும். சூளை கிடையாது. பளபளப்பு முழுவதும் அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. வீட்டுக்குப் போட ஆசைப்பட்டால் ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது என்பதை முதலில் சொல். ஒரே தடவையில் மெருகு போய்விடும். நடக்க நடக்க, வெறும் தண்ணீரில் துடைக்கத் துடைக்கத்தான் பளபளப்பு ஏறும்.

சாப்பாட்டுக்கு முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். பழைய வீடுகளில் நடத்தும் விடுதிகளில் தலைக்கு எண்ணித்தான் சமைப்பார்கள். சிவப்பாய் எண்ணெய் மிதந்தால்தான் செட்டிநாடு என்று நினைத்து வருவார்கள், பாவம். அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கும் மண்டி, உளுந்து மாவில் கிண்டும் கும்மாயம், கறுப்பரிசியில் செய்யும் கவுணி அரிசி இனிப்பு, பால் பணியாரம் எல்லாம் கேட்டு வாங்கிக் கொடு. கவுணி அரிசி ராத்திரி முழுக்க ஊற வேண்டும். குழைந்த பிறகுதான் சர்க்கரை, முன்னாலேயே போட்டால் அரிசி வேகவே வேகாது.

வெள்ளைப் பணியாரம் நீயே சுட்டுக் காட்டு. பச்சரிசியை ஒரு டம்ளர் தலைதட்டி அள. அதே டம்ளரில் அரிசிக்கு மேலே கோபுரமாக நிற்கிற அளவு உளுந்து போடு, அவ்வளவுதான் உளுந்து. இரண்டு மணி நேரம் ஊறவிட்டு வெண்ணெய் போல அரைத்து, உப்பும் சிட்டிகை சர்க்கரையும் சேர்த்து, கொஞ்சம் பாலில் இளக்கு. புளிக்க விடாதே. குழிக்கரண்டியால் காய்ந்த எண்ணெயில் ஒன்றொன்றாக ஊற்று. தானாக மேலே வந்து ஓரம் சிலிர்த்துக்கொண்டால் பதம் சரி. உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் விறைக்கும். மாவு நீர்த்தால் சட்டியில் பரவிவிடும், கெட்டியானால் நடுவில் வேகாது. சிவக்க விடாமல் எடு. தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல்.

வாங்குவதில் கண்டாங்கிச் சேலை தாராளமாக வாங்கலாம், 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முதல் தடவை தனியாக, உப்புத் தண்ணீரில் அலசச் சொல், சாயம் இறங்கும். கொட்டான் என்கிற ஓலைக்கூடையும் வாங்கலாம், கனமே இருக்காது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் மட்டும் கவனம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலையோ மரவேலையோ நாட்டை விட்டுக் கொண்டுபோக 1972ஆம் வருஷச் சட்டம் விடாது, விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி மாதிரிப் பிந்திய காலத்துச் சாமான் வாங்கினால், கடைக்காரரிடம் பில்லில் வயதை எழுதி வாங்கிக்கொள்.

எத்தனை பேர் சைவம் என்று சீக்கிரம் எழுது, சமையலுக்கு ஆள் சொல்ல வேண்டும். மற்றவை நேரில்.

அன்புடன்,
ஆத்தா