கிரேடு வேறு, தழும்பு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் கொழுப்புக் கல்லீரல் கட்டுரை படித்தேன். எளிமையாக எழுதியிருந்தார்கள். ஆனால் ‘கிரேடு 3 வந்தால் அடுத்தது சிரோசிஸ்’ (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிப்போவது) என்ற வரி சரியில்லை. கிரேடு 3 வந்தவரை அது வீணாகப் பயமுறுத்தும். கிரேடு 1 வந்தவரை நிம்மதியாகத் தூங்க வைத்துவிடும். நான் அப்படி நாலு வருஷம் தூங்கியவன்.

ஸ்கேன் அறிக்கையில் போடுகிற கிரேடு, கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு தெரிகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். கல்லீரல் எவ்வளவு தழும்பேறியிருக்கிறது என்பது தனிக் கணக்கு. அதை எஃப்0 முதல் எஃப்4 வரை பிரிப்பார்கள், எஃப்4தான் சிரோசிஸ். தழும்பு முற்றும்போது கொழுப்பு குறைந்துபோவதும் உண்டு என்பதால், கிரேடு இறங்கிவிட்டது என்று சந்தோஷப்படவும் முடியாது.

அப்போது என் எடை 128 கிலோ, பி.எம்.ஐ. 44. ஸ்கேன் எடுத்தவர் விலாவுக்குக் கீழே கருவியை அழுத்தி அழுத்திப் பார்த்தார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார், இடது பக்கம் புரளச் சொன்னார். தோலுக்கும் கல்லீரலுக்கும் நடுவில் அவ்வளவு கொழுப்பு இருந்தால் படம் எங்கே தெளிவாக விழும்? கடைசியில் ‘கிரேடு 1, படம் தெளிவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். பிற்பாதியை யாரும் படிக்கவில்லை, நான் உட்பட. ‘வெயிட்டைக் குறைங்க’ என்பதோடு ஒவ்வொரு முறையும் முடிந்தது.

அப்புறம் வேறொரு மருத்துவர் என் பழைய ரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கி, அதன் பின்பக்கத்திலேயே ஒரு கணக்குப் போட்டார். கல்லீரலில் தழும்பு இருக்க வாய்ப்புண்டா என்று ஊகிக்கும் கணக்கு அது, எஃப்.ஐ.பி.-4 என்று பெயர். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் (ரத்தத்தில் பார்க்கும் ஒரு கல்லீரல் நொதியின் அளவு) பெருக்க வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கையை (1.6 லட்சம் என்றால் 160) எஸ்.ஜி.பி.டி. என்ற இன்னொரு நொதி அளவின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை. எனக்கு வயது 46, எஸ்.ஜி.ஓ.டி. 40, எஸ்.ஜி.பி.டி. 36, பிளேட்லெட் 1.6 லட்சம். தாளில் எல்லாமே ‘நார்மல்’. விடை மட்டும் 1.92. பொதுவாக 1.3க்குக் கீழே இருந்தால் பெரிய கவலை இல்லை, மேலே போனால் அடுத்த பரிசோதனை வேண்டும் என்றார். (35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது, 65ஐத் தாண்டியவர்களுக்கு எல்லை 2.)

அடுத்தது ஃபைப்ரோஸ்கேன், கல்லீரல் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று அளந்து தழும்பைக் கணிக்கும் ஸ்கேன். முதலில் போன இடத்தில் வழக்கமான கருவிமுனையை வைத்துப் பார்த்தார்கள், எண்ணே வரவில்லை. பருமனானவர்களுக்கென்று எக்ஸ்.எல். முனை தனியாக இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அது இருந்த இடத்தைத் தேடிப் போனேன். 9.4 கிலோபாஸ்கல் வந்தது. 8க்கு மேல் என்றால் விடாமல் கவனிக்க வேண்டிய நிலை. கல்லீரலோடு இதயத்தையும் பார்க்கச் சொன்னார்கள். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்கள் இறப்பது பெரும்பாலும் இதய நோயால்தானாம்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று, எவ்வளவு எடை குறைக்க வேண்டும் என்பது. ஐந்து சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். ஏழு முதல் பத்து சதவீதத்தில் வீக்கம் அடங்கும். பத்தைத் தாண்டினால் தழும்பே குறைய வாய்ப்பு உண்டு. எனக்குப் பத்து சதவீதம் என்பது சுமார் 13 கிலோ. அதாவது 115 கிலோவில் நின்றாலும் பார்க்கிறவர்களுக்கு நான் அதே குண்டு ஆள்தான், ஆனால் என் கல்லீரலுக்கு அது பெரிய விஷயம். ‘நார்மல் வெயிட்டுக்கு வாங்க’ என்று சொல்லாமல் இந்த எண்ணை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அன்றே தொடங்கியிருப்பேன். மருந்து, அறுவை சிகிச்சை பற்றியெல்லாம் கட்டுரையாளரே எழுதட்டும், எனக்கு அவ்வளவு தெரியாது.

அந்த எஃப்.ஐ.பி.-4 கணக்கை அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட முடியுமா? பலருடைய வீட்டில் ரத்தப் பரிசோதனைத் தாள் ஏற்கெனவே இருக்கும்.

இப்படிக்கு,
128 கிலோ வாசகர் (இப்போது 117)