வெறும் டம்ளராக வரவில்லை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. மயிலாடுதுறையில் மழை பிடித்துவிட்டதா? இங்கே திருவல்லிக்கேணியில் நேற்று மதியம் கொட்டித் தீர்த்தது. அந்த மழையிலும் தபால்காரர் ஒரு பார்சலை பிளாஸ்டிக் பையில் சுற்றி நனையாமல் கொண்டுவந்து கொடுத்தார். ஜெர்மனியில் உள்ள ஹாலே ஊரிலிருந்து. பிரித்துப் பார்த்தால் என் எவர்சில்வர் டம்ளர்!

ஓலைச்சுவடி படிக்கப் போய் அங்கே பத்து மாதம் குடியிருந்தேனே, கிளம்புகிற அவசரத்தில் அந்த வீட்டுக்காரர்களின் சமையலறையில், பாத்திரம் காய வைக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பாரிமுனையில் வாங்கியது, நூறு ரூபாய்கூட இருக்காது, அனுப்பிய செலவு அதைப் போலப் பல மடங்கு ஆகியிருக்கும். அதுகூடப் பெரிதில்லை. டம்ளருக்குள்ளே அந்த ஊர் உருண்டை சாக்லேட்டை நிரப்பி, மேலே மெல்லிய காகிதத்தை வைத்து அடைத்திருக்கிறார்கள். (1804-லிருந்து ஹாலேயில் நடக்கிற ஆலையின் சாக்லேட் அது, ஊர்க்காரர்களுக்கு அதில் அவ்வளவு பெருமை.) ஒருநாள் அவர்களிடம் வாங்கின கிண்ணத்தை நான் சுண்டல் போட்டுத் திருப்பிக் கொடுத்தபோது, எங்கள் ஊரில் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டோம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சொல்லியிருந்தேன். அதை மறக்காமல் இருந்திருக்கிறார்கள். அடுப்படியில் நின்று அழுதேன். அம்மா என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டாள்.

அந்த வீட்டைப் பற்றி உனக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை. பனி, டிராம், ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் மூடியிருக்கும் என்பதைத்தான் எழுதியிருப்பேன். கணவன் மனைவி இரண்டு பேருக்கும் எழுபதைத் தாண்டிய வயது, மாடியில் ஒரு அறையை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அவர்கள் பள்ளியில் படித்தது கிழக்கு ஜெர்மனிக் காலம், அதனால் ரஷ்ய மொழி தெரியும், ஆங்கிலம் வராது. நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் நான் படித்த ஜெர்மன்தான் எங்களுக்குள் இருந்த ஒரே பாலம், அதுவும் முதல் மாதம் ஆடிக்கொண்டே இருந்தது. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் நடக்காது. தாத்தா தாளை எழுதிக் கொடுத்ததோடு நிற்கவில்லை, கூடவே வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நான் சைவம் என்று சொன்னதும் பாட்டிக்கு அது ஒரு பெரிய பொறுப்பாகிவிட்டது. அங்கே சில தயிரில்கூட விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இருக்கும், பொடி எழுத்தில் பின்னால் போட்டிருப்பான். நம் ஊர்ப் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி இருக்கும் என்று பேச்சுவாக்கில் சொன்னேன், அவ்வளவுதான். மறுநாள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் தயிர், வெண்ணெய், ஜாம் எல்லாவற்றிலும் வட்டமான பச்சை ஸ்டிக்கர். காகிதக் கடையில் வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் படித்து ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கிறார். பத்து மாதமும் அந்தப் புள்ளி இல்லாமல் ஒரு சாமான் என் தட்டுக்கு வரவில்லை. நேற்று வந்த சாக்லேட்டை மூடியிருந்த காகிதத்திலும் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது.

அப்புறம் இந்த 'நீங்கள்', 'நீ' விஷயம். அங்கேயும் நம்மைப் போலவே இரண்டு உண்டு, 'நீ' என்று கூப்பிடலாம் என்பதைப் பெரியவர்தான் முதலில் சொல்ல வேண்டும். ஜனவரியில் ஒரு சாயங்காலம் அவர்கள் அதைச் சொன்னார்கள், அது எவ்வளவு பெரிய அன்பு என்று எனக்குப் புரிந்தது. ஆனால் பாட்டி வயதுள்ளவரை நீ என்று கூப்பிட நாக்கு எழவே இல்லையடி. கடைசியில் ஓமா, ஓபா என்று கூப்பிட அனுமதி கேட்டேன், பாட்டி தாத்தா என்றுதான் அர்த்தம். ஓமா ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் எனக்கு இன்னொரு தட்டு சூப் ஊற்றிக் கொண்டுவந்தார்.

நான் அங்கே படித்த ஓலைச்சுவடிகள் எல்லாம் உன் ஊர்ப் பக்கத்திலிருந்து போனவை என்பது உனக்குத் தெரியும். 1706-ல் 24 வயதுகூட நிரம்பாத சீகன்பால்க் என்கிற ஜெர்மன் பாதிரியார், ஹாலேயில் படித்தவர், தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். ஒரு வயதான தமிழ் வாத்தியார் தன் பள்ளிக்கூடத்தையே அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார், இவர் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக் கற்றுக்கொண்டார். பத்து வருஷம் கழித்து, 1716-ல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சானது. இதை ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஓபாவிடம் சொன்னேன். ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு, "அந்த வாத்தியாருக்கு யாராவது நன்றி சொன்னார்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

ஏனென்றால் நானும் சொல்லவில்லை. 'டாங்கே' என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லியிருப்பேன், உப்பை நகர்த்தினால்கூட. ஆனால் பிப்ரவரியில் காய்ச்சல் வந்து மூன்று ராத்திரி ஓமா என் அறை நாற்காலியிலேயே தூங்கினாரே, அதற்கு அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. அம்மாவுக்கு நன்றி சொல்வோமா நாம்? ரயில் நிலையத்தில் கிளம்பும்போது குனிந்து அவர்கள் காலைத் தொட்டேன். ஓபா நான் எதையோ கீழே போட்டுவிட்டேன் என்று நினைத்து, முழங்கால் வலியோடு தானும் குனிந்து தேடினார். வண்டி வந்துவிட்டது, விளக்கிச் சொல்ல நேரமில்லை. அந்தக் குனிந்த முதுகு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் இந்த முறை உட்கார்ந்து நீளமாக எழுதப் போகிறேன், ஜெர்மனிலேயே, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. காலைத் தொட்டது எதற்கு என்றும் எழுதுவேன். ஓமாவுக்கு என் டம்ளரில் காபி குடிக்க ஆசை, சூடு தாங்காமல் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்வார், டபராவை நான் கொண்டுபோகவில்லையே. இரண்டு பேருக்கும் டபரா செட் வாங்கிவிட்டேன், சுக்குமல்லிப் பொடி நிரப்பி அனுப்ப வேண்டும், உங்கள் வீட்டில் இடிக்கிற பொடிதான் வேண்டும், கடைப்பொடி வேண்டாம்.

வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறுகிறேன். சனிக்கிழமை நீ லீவு போட்டு என்னோடு தரங்கம்பாடிக்கு வா. சீகன்பால்க் 1718-ல் கட்டிய தேவாலயம், கோட்டை, கடற்கரை எல்லாவற்றையும் படம் பிடித்து ஓபாவுக்கு அனுப்ப வேண்டும், அவர் கால் அவ்வளவு தூரம் வர விடாது. கடற்கரை மணலில் அ, ஆ என்று நீ எழுது, நான் படம் எடுக்கிறேன், உன் கையெழுத்துதான் எப்போதும் அழகு.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி