பழைய பென்னின்னாலே லட்சம்னு போடாதீங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பழைய பிரிட்டிஷ் பென்னி ஒண்ணு கைல இருந்தா போதும், நீங்க லட்சாதிபதிங்கற மாதிரி ஒரு துணுக்கு உங்க பேப்பர்ல வந்துச்சு. அதுல எந்த வருஷத்து காசு, என்ன கண்டிஷன், வித்துச்சா இல்ல சும்மா ஒருத்தர் கேட்ட ரேட்டா, ஒண்ணுமே இல்ல. நான் பென்னி சேக்குறவன்னு தெரிஞ்சவங்க எல்லாம் இப்ப காசை போட்டோ எடுத்து அனுப்பி எவ்ளோ போகும்னு கேக்குறாங்க, முக்காவாசி 1967. அந்த வருஷம் போட்ட காசு கோடிக்கணக்குல, அதுக்கப்புறமும் 1970 வரைக்கும் அதே 1967ன்னு தேதி போட்டே அடிச்சாங்க. 1971 பிப்ரவரி 15ல ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்கு 240 பென்னிங்கற கணக்கு போய் 100 ஆனப்ப ஞாபகத்துக்குன்னு ஆளாளுக்கு எடுத்து வச்ச காசும் இதுதான். இதை யாரு காசு குடுத்து வாங்குவாங்க சொல்லுங்க.

வயசாச்சுன்னா விலை ஏறும்னு நெனைக்கறாங்க பாருங்க, அங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. விக்டோரியா ராணி தலை போட்ட பென்னி நூறு வருஷத்துக்கு மேல பழசு, ஆனா தேஞ்சு போய் மொழுமொழுன்னு இருந்தா கொத்தா அள்ளி போட்டு விக்கறதுதான். சரி, கம்மியா அடிச்ச காசுன்னா விலை ஜாஸ்தியான்னு கேட்டா அதுவும் நேர்கணக்கு இல்ல. 1951ல அடிச்சது வெறும் 1,20,000 தான், 1869ல 25 லட்சத்துக்கு மேல. ஆனா நல்ல கண்டிஷன்ல 1869 தான் பல மடங்கு விலை. ஏன்னா 1951 காசு பெரும்பாலும் பெர்முடா தீவுக்கு போச்சு, அபூர்வம்னு தெரிஞ்சதும் சேக்குறவங்க தேடிப்பிடிச்சு பத்திரமா வச்சுட்டாங்க. 1869 காசு பெரும்பாலும் கை மாறி மாறி தேஞ்சே போச்சு. எத்தனை அடிச்சாங்கங்கறதை விட இன்னைக்கு நல்ல நெலமைல எத்தனை மிச்சம் இருக்கு, அதை எத்தனை பேர் தேடுறாங்க, அதுதான் கணக்கு.

அப்புறம் லென்ஸ் வச்சு பாக்கணும் சார், வெறும் கண்ணுல தெரியாது. 1918, 1919 பென்னில வருஷத்துக்கு இடது பக்கம் குட்டியா எச்-னு இருந்தா அது பர்மிங்ஹாம் ஹீட்டன் மின்ட்ல (மின்ட்னா காசு அடிக்கற ஆலை) அடிச்சது, கே.என்-னு இருந்தா கிங்ஸ் நார்ட்டன் கம்பெனி அடிச்சது, ரெண்டுலயும் கே.என் தான் கிடைக்கறது கஷ்டம், எழுத்தே இல்லன்னா சாதா காசு. 1902ல பிரிட்டானியாங்கற பெண் உருவம் உக்காந்திருக்கற பக்கம் பின்னாடி கடல் கோடு தெரியும், சில காசுல அந்த கோடு வழக்கத்தை விட கீழ இருக்கும், லோ டைடுன்னு சொல்வாங்க, அதுக்கு தனி ரேட். 1882ல கதை தலைகீழ், அங்க எச் இருந்தா சாதா, எச் இல்லாததுதான் அபூர்வம், அதனாலயே எச்சை சுரண்டி எடுத்துட்டு விக்கற ஆளுங்களும் உண்டு.

எல்லாரும் கேக்கற 1933 பத்தி. அந்த வருஷம் பேங்க்ல பென்னி தேவைக்கு மேல இருந்ததால புழக்கத்துக்கு அடிக்கவே இல்ல, கட்டட அஸ்திவாரத்துல அந்த வருஷத்து காசு வைக்கணும்னு கேட்டவங்களுக்காக விரல் விட்டு எண்ற அளவுல அடிச்சாங்க. லீட்ஸ்ல ஒரு சர்ச் அஸ்திவாரத்துல வச்சதை 1970ல தோண்டி திருடிட்டே போயிட்டாங்க! ஆக உங்க டப்பால 1933 இருந்தா கடைசி நம்பரை யாரோ மாத்திருக்காங்கன்னுதான் மொதல்ல நெனைக்கணும். அமெரிக்க பென்னிலயும் இதே வேலைதான், 1943ல போருக்காக செம்பை மிச்சம் பண்ணி ஸ்டீல்ல அடிச்சாங்க, தப்பி செம்புல விழுந்தது கொஞ்சமே கொஞ்சம், அதுக்கு பெரிய விலை. அதனால ஸ்டீல் காசுக்கு செம்பு முலாம் பூசறது, 1948ல இருக்கற எட்டை அரைச்சு மூணு ஆக்கறதுன்னு நடக்குது. முலாம் பூசினது காந்தத்துல ஒட்டிக்கும், எட்டை அரைச்சது ஒட்டாது, அதுக்கு திரும்பவும் லென்ஸ்தான்.

இன்னொண்ணு, தயவு செஞ்சு யாரும் காசை கழுவாதீங்க. புளி, பிராஸ்ஸோ, பல்பொடி எதுவும் வேண்டாம். தேச்சு பளபளன்னு ஆக்கினா சேக்குறவங்க கண்ணுக்கு ஒரே செகண்ட்ல தெரிஞ்சுடும், விலை நல்லாவே கொறஞ்சிடும். 1944ல இருந்து 46 வரைக்கும் உள்ள பென்னிய மின்ட்லயே ஹைப்போங்கற ரசாயனம் போட்டு கருப்பாக்கித்தான் வெளிய விட்டாங்க, அதை அழுக்குன்னு நெனச்சு தேய்க்கறவங்களை பாத்தா வயிறு எரியுது.

விலை பாக்கறதுக்கு ஆன்லைன்ல ஒருத்தர் என்ன கேக்கறார்னு பாக்காதீங்க, கேக்கறதுக்கு என்ன, யார் வேணா கோடி கேக்கலாம். வித்து முடிஞ்சது எவ்ளோன்னு பாக்கணும், அதுவும் நம்ம காசு மாதிரியே தேய்மானம் உள்ளதா பாத்து. கேட்டலாக்ல ஃபைன், வெரி ஃபைன்னு கிரேடு (தேய்மானத்தை வச்சு சொல்ற தரம்) வாரியா ரேட் போட்டிருப்பாங்க, எல்லாரும் நம்ம காசை ரெண்டு கிரேடு ஏத்தித்தான் பாப்போம், அது மனுஷ சுபாவம். அதோட அது டீலர் விக்கற ரேட்டு, நம்மகிட்ட வாங்கும்போது அவருக்கு லாபம் வேணும்ல, கொறச்சுதான் குடுப்பார். ஏலத்துல போனாலும் ரெண்டு பக்கமும் கமிஷன் இருக்கு.

அடுத்த தடவை இந்த மாதிரி துணுக்கு போட்டா வருஷம், மின்ட் எழுத்து, கிரேடு, வித்த விலையா கேட்ட விலையா, இந்த நாலையும் சேத்து போடுங்க, காசோட ரெண்டு பக்க படமும் தெளிவா போடுங்க. போன தடவை போட்ட படத்துல வருஷமே தெரியல.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகன்