கை எலும்பையும் கொஞ்சம் கவனிப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண் எலும்புவரை பரவுவது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை மிகவும் பயனுள்ளது. ஆனால் அதில் கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்தவள் என்ற முறையில் அந்தக் குறை எனக்கு உறுத்தியது.

கைக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் அங்கே எலும்பில் தொற்று வருவது குறைவுதான். வந்தால் பெரும்பாலும் விரல் நுனி எலும்பில் வரும். முள் குத்தியிருக்கும், இல்லை நகச்சுற்று முற்றியிருக்கும். விரல் நுனிச் சதைக்குள் தோலிலிருந்து எலும்புவரை நார்கள் ஓடி, அதைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கின்றன. அங்கே சீழ் கோத்தால் பரவ இடம் கிடையாது. அழுத்தம் ஏறி எலும்புக்குப் போகும் ரத்தம் தடைபடும். நுனி இறுகி, விண் விண்ணென்று தெறித்து ராத்திரி தூங்க விடவில்லை என்றால், ‘நன்றாகப் பழுக்கட்டும்’ என்று காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை நோயால் விரல் மரத்துப்போனவர்களுக்கு இந்த வலிகூடச் சரியாகத் தெரியாது. அவர்கள் வீக்கத்தையும் நிற்காத கசிவையும் பார்த்துத்தான் உஷாராக வேண்டும்.

இன்னொன்று, சண்டையில் வரும் காயம். ஓங்கிக் குத்தும்போது எதிராளியின் பல் விரல் முட்டியில் இறங்கிவிடும். மடக்கிய கையை விரித்ததும் உள்ளே தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) நகர்ந்து அந்தத் துளையை மூடிக்கொள்ளும். வெளியே சின்னக் கீறல்தான் தெரியும், உள்ளே மூட்டில் வாய்க் கிருமிகள் பெருகிக்கொண்டிருக்கும். கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள், சிகிச்சையே அதைப் பொறுத்துத்தான் மாறும். பூனைக் கடியும் இப்படித்தான், மெல்லிய பல் ஆழமாக இறங்கிவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது எக்ஸ்ரே பற்றி. ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்றதும் நிம்மதியாகப் போய்விடுகிறோம். எலும்பின் தாதுச்சத்து 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும். முதல் 10, 14 நாட்களுக்குப் படம் சரியாகவே இருக்கலாம். வீக்கமும் வலியும் குறையவில்லையென்றால் மறுபடி போய்க் காட்டுங்கள். எம்.ஆர்.ஐ. முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

எந்தக் கிருமி என்று உறுதிசெய்ய எலும்புத் துணுக்கை எடுத்துத்தான் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்வார்கள். பல நேரம் அது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸாக இருக்கும். மேலே வழியும் சீழைத் துடைத்தெடுத்துப் பார்த்தால் போதாது. அதற்குள் தாமாகவே ஏதோ ஒரு ஆன்டிபயாட்டிக்கை விழுங்கி வந்தால் கல்ச்சரில் எதுவும் வளராமல் போகலாம், மருத்துவருக்குப் பிடி கிடைக்காது. செத்துப்போன எலும்புக்கு ரத்தம் போகாது, அதனால் மருந்தும் போகாது. அதைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். அப்புறம் பொதுவாக 4 முதல் 6 வாரம் மருந்து. வலி போன இரண்டாவது வாரத்திலேயே நிறுத்திவிடுகிறவர்கள்தான் மறுபடி சீழோடு வருகிறார்கள். அப்படி வந்து விரல் நுனியையே எடுக்க வேண்டியதானவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

புண் ஆறினாலும் விரல் மடங்காமல் விறைத்துப்போவது உண்டு. மருத்துவர் அனுமதித்ததும் தொடங்க வேண்டிய விரல் பயிற்சிகளைப் பற்றி, கை அறுவை நிபுணர் ஒருவரையும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரையும் படங்களோடு எழுதச் சொல்லி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்