கொலுசின் தடம்: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ போனில் கேட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. "மாமா, சென்னைக் கம்பெனி வேலையில் சேரட்டுமா, உங்களைப் போல எர்கோனாமிக்ஸ் படிக்கப் போகட்டுமா?" என்றாய். வகுப்புக்கு நேரமாகிவிட்டது, அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நின்றபடி போனில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. இதே கேள்வியோடு ஆண்டுதோறும் இரண்டு மூன்று பிள்ளைகள் என் அறைக்கு வருகிறார்கள் என்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். எர்கோனாமிக்ஸ் என்றால், வேலையையும் கருவியையும் அதைச் செய்கிறவரின் உடம்புக்கு ஏற்றபடி அமைக்கும் படிப்பு. உன் அம்மாவைப் பற்றியும் எழுத வேண்டியிருந்தது. அக்காவிடம் கேட்டேன். "எழுது, பேரை மட்டும் போடாதே" என்றாள்.

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குக் கல்யாணமாகவில்லை, அப்போதே ஜவுளிக்கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு முந்தைய வாரம். பெரியார் நிலையத்தில் கடைசி பஸ்ஸைப் பிடித்து வில்லாபுரம் வீட்டுக்கு வந்து சேர இரவு பதினொன்றைத் தாண்டிவிட்டது. டப்பில் வெந்நீர் ஊற்றி, ஒரு கை கல்லுப்பைப் போட்டுக் காலை வைக்கப் போனவள் என்னைக் கூப்பிட்டாள். கொலுசைக் கழற்ற முடியவில்லை. சதைக்குள் புதைந்து கிடந்தது. திருகாணியைத் தேடிப் பிடித்துக் கழற்றியபோது கணுக்காலைச் சுற்றி முத்து முத்தாக ஒரு தடம். விரலால் அமுக்கிப் பார்த்தேன். பள்ளம் விழுந்தது, அது நிரம்ப வெகுநேரம் ஆனது.

உன் ஆச்சி பார்த்துவிட்டு, "இவளுக்கு ரத்தம் பத்தாது, பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுக்க வேண்டும்" என்றார்கள். வாங்கியும் கொடுத்தார்கள். காலை ஒன்பதரைக்குக் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றவள் அரைமணி சாப்பாட்டு நேரம் போக மீதி நேரமெல்லாம் நின்றுகொண்டே இருந்தாள் என்பதை வீட்டில் ஒருவரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எந்திரங்களைப் படித்துக்கொண்டிருந்த நானும் எடுத்துக்கொள்ளவில்லை. நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் நின்றால் அந்தப் பம்பு ஓடுவதில்லை; நீர் காலிலேயே தங்கிவிடுகிறது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் ஆயின.

முதுநிலைப் படிப்பின்போது நூலகத்தில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. இரண்டாம் உலகப் போரில் பி-17 ரக விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானிகள் சக்கரங்களை உள்ளே இழுத்துவிட்டார்கள். விமானம் வயிற்றால் தரையில் உராய்ந்து நின்றது. ஒவ்வொரு முறையும் 'விமானியின் தவறு' என்றே பதிவானது. ஆல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இறக்கை மடலை மடக்கும் விசையும் சக்கரத்தை மடக்கும் விசையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன. சக்கர விசையின் பிடியைச் சக்கர வடிவத்திலும் மடல் விசையின் பிடியை ஆப்பு வடிவத்திலும் மாற்றச் சொன்னார். கை தொட்டதுமே எது எது என்று தெரிந்தது, குழப்பம் தீர்ந்தது. 1947இல் ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்ற இருவர் 'விமானியின் தவறு' என்று சொல்லப்பட்ட 460 சம்பவங்களை ஆராய்ந்தபோதும், பலவற்றில் கோளாறு விசைகளின் அமைப்பிலேயே இருந்தது. அன்று இரவு பஸ்ஸில் வரும்போது எனக்கு விமானம் நினைவில் இல்லை. அந்தக் கொலுசுத் தடம்தான் கண்ணுக்குள் நின்றது. பேரீச்சம்பழத்தை நினைத்து அழுகை வந்தது.

நான் இந்தத் துறைக்கு வந்த கதை இவ்வளவுதான். பணிச்சூழலியல் என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள். 1857இல் போலந்து நாட்டு அறிஞர் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி வைத்த பெயர்தான் எர்கோனாமிக்ஸ். ஆனால் துறையின் வேர் அதற்கும் முந்தியது. இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற மருத்துவர், தன் வீட்டுக் கழிவுக் குழியை அள்ள வந்தவர் அரக்கப்பரக்க வேலை செய்வதைக் கண்டு, ஏன் இந்த அவசரம் என்று கேட்டார். கண் போய்விடும் என்ற பயத்தில்தான் சீக்கிரம் முடிக்கிறேன் என்றார் அந்த மனிதர். நோயாளியிடம் 'என்ன வேலை செய்கிறாய்' என்றும் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு ராமஸ்ஸினி சொன்னது 1700இல். நின்றே வேலை செய்கிறவர்களுக்குக் கால் நரம்பு சுருண்டு புடைப்பதையும் அதே ஆண்டில் எழுதிவைத்திருக்கிறார்.

இனி முனைவர் பட்ட ஆய்வுக்கு வருகிறேன். மீனாட்சியம்மன் கோயில் எதிரே புது மண்டபத்தில் தையல்கடைகள் இருந்த காலம் அது. கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியது பிறகு. திருமலை நாயக்கர் காலத்துச் சிலைத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் எந்திரங்கள் கடகடத்துக்கொண்டிருக்கும். கோணமானியும் கேமராவும் எடுத்துக்கொண்டு போனேன். கழுத்து 20 பாகைக்கு மேல் குனிந்தால் நாங்கள் பயன்படுத்தும் அட்டவணையில் மதிப்பெண் ஏறும். ஏற ஏற ஆபத்து. அங்கே எல்லோருக்கும் ஏறியது, ஒரே ஒரு பெரியவரைத் தவிர. குனிந்து பார்த்தேன். எந்திரத்தின் பின்கால்கள் இரண்டுக்கும் அடியில் மரக்கட்டை வைத்திருந்தார். "பலகை என் பக்கம் சாய்ந்தால் நான் அதன் பக்கம் சாய வேண்டியதில்லை, தம்பி. ஊசியும் நன்றாகத் தெரிகிறது" என்றார். கட்டையின் மேல்பக்கம் எந்திரக்கால் பதிந்து வழவழவென்று பள்ளமாகியிருந்தது. பல வருடத்துக் கட்டை. தையல் மேசையைத் தைப்பவர் பக்கம் சாய்த்துப் பார்த்து நெதர்லாந்து ஆய்வாளர்களும் இதே முடிவுக்கு வந்தார்கள் என்பதைப் பிறகு படித்தேன். அந்தப் பெரியவர் கட்டுரை எதுவும் எழுதவில்லை. பக்கத்து எந்திரக்காரர் அதைப் பார்த்துச் செய்யாததற்குக் காரணம் கேட்டேன். எந்திரம் முதலாளியுடையது, கட்டை வைத்தால் திட்டுவார் என்றார். இந்தத் துறையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அந்தப் பதில். வேலை செய்கிறவருக்குப் பாதி விடை தெரிந்தே இருக்கிறது. அதை முதலாளி மறுக்க முடியாத கணக்காக மாற்றித் தருவதுதான் நம் வேலை.

கேள்வித்தாளில் இன்னொரு பாடம் படித்தேன். 1987இல் வடஐரோப்பிய நாடுகளில் வகுத்த ஒரு கேள்வித்தாள் உண்டு. உடம்பை ஒன்பது பகுதியாகப் பிரித்து, கடந்த 12 மாதத்தில் வலி உண்டா, கடந்த 7 நாளில் உண்டா என்று கேட்பது. அதைத் தமிழில் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனேன். "கீழ்முதுகில் வலி உண்டா?" "இல்லை." எல்லோருக்கும் இல்லை! ஒரு வாரம் இல்லை இல்லை என்றே குறித்துக்கொண்டு வந்தேன். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது ஒருவர் குறுக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "என்ன அண்ணே?" என்றேன். "குறுக்கு இழுத்துப் பிடிக்கிறது" என்றார். நம் ஊரில் அந்த இடத்துக்குப் பெயர் குறுக்கு. கீழ்முதுகு என்று யார் சொல்வார்கள்? வலிக்கும் அதே கதைதான். கால் வலிப்பதில்லை, உளைகிறது. குதிகால் கடுக்கிறது. தோள்பட்டை குடைகிறது. விரல் மரத்துப்போகிறது. பிடரி விண்விண்ணென்று தெறிக்கிறது. இவை ஒரே பொருள் தரும் சொற்கள் அல்ல. மரத்துப்போனால் நரம்பில் அழுத்தம் இருக்கலாம். உளைச்சல் என்றால் சதையின் களைப்பு. ஆங்கிலத் தாளில் மூன்றே சொற்களுக்குள் அடங்கியிருந்ததை நம் ஆட்கள் வகை பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் வாரத் தாள்களை ஓரமாக வைத்துவிட்டு அந்தச் சொற்களையே கேள்வியாக்கி மறுபடி தொடங்கினேன். நான்கு மாதம் தள்ளிப்போனது. என் வாழ்நாளில் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று.

'சராசரி' என்ற சொல்லிடமும் எச்சரிக்கையாக இரு. 1950இல் அமெரிக்க விமானப்படையில் 4,063 விமானிகளை அளந்தார்கள். உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவுகளிலும் ஓரளவு சராசரிக்குள் வருகிறவர் எத்தனை பேர் என்று கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் கணக்குப் பார்த்தார். ஒருவர்கூட இல்லை. உன் அம்மாவின் ரவிக்கை உனக்குச் சேராது என்று தெரிந்த எந்தத் தையற்காரரும் இதை ஒப்புக்கொள்வார். ஆனால் கல்லூரி மேசையும் பஸ் இருக்கையும் கடைக் கவுண்டரும் இன்றைக்கும் இல்லாத அந்த ஒருவருக்காகவே செய்யப்படுகின்றன.

இப்போது நான் தவறிய இடத்தைச் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்யும் தொழிலாளர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்றது. கடைகளுக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. கேரளத்தில் கடைப் பெண்கள் போராடி 2018இல் பெற்றார்கள். தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தச் செய்தி வந்த அன்று உன் அம்மாவுக்குப் போன் செய்து கத்தினேன், நினைவிருக்கும். அடுத்த ஆண்டு நகரத்தில் ஒரு ஜவுளிக்கடை எங்கள் துறையிடம் ஆலோசனை கேட்டது. முழங்கால் மடிப்பு உயரம், இடுப்பு அகலம் என்று நாற்பது பெண்களை அளந்து நல்ல ஸ்டூல்களைச் செய்யச் சொல்லிக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்துப் போனேன். ஒவ்வொரு ஸ்டூலின் மேலும் சேலைக் கட்டு அடுக்கியிருந்தது. யாரும் உட்காரவில்லை.

மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்லவில்லையாம், பார்ப்பார் அவ்வளவுதான். உட்கார்ந்தால் கவுண்டருக்கு மேல் தலை தெரியாது. வாடிக்கையாளர் வந்தது தெரியாமல் போனால் விற்பனை அடுத்தவள் கணக்குக்குப் போய்விடும். நான் உடம்பை அளந்தேனே தவிர, கவுண்டரையும் கமிஷனையும் அளக்கவில்லை. மறுபடி உட்கார்ந்து வேலை செய்தோம். பாதி நின்று பாதி சாய்கிற உயரமான இருக்கை, விற்பனைத் தொகையைக் குழுவாகப் பங்கிடும் முறை, இரண்டையும் சேர்த்துச் சொன்னோம். முதலாளி முதலாவதை மட்டும் ஏற்றார். இப்போது பத்தில் நான்கு பேராவது மதியத்துக்கு மேல் சாய்கிறார்கள். இரண்டாவதற்காக இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன், விடுவதாக இல்லை. பழைய ஜவுளிக்கடைகளில் வெள்ளை விரித்த மெத்தையில் கடைக்காரரும் வாடிக்கையாளரும் உட்கார்ந்துதானே வியாபாரம் நடந்தது? உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு என்பது கண்ணாடிக் கவுண்டரோடு வந்த வழக்கம். அதை மாற்றலாம்.

படிப்பு விவரம் கேட்டிருந்தாய். நம் நாட்டில் இதற்கென்று தனித்துறை குறைவு. கௌகாத்தி, மும்பை ஐஐடிகளின் வடிவமைப்புத் துறைகளில் உண்டு. சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுதினால் முதுநிலை வடிவமைப்பில் சேரலாம். உடலியங்கியல் பக்கமிருந்து போவதென்றால் கல்கத்தா பல்கலைக்கழகம். முன்பு நிட்டி என்று பெயர் பெற்றிருந்த மும்பை ஐஐஎம் உண்டு. ஆசிரியர் வேலை என்று வரும்போது பெரும்பாலும் எந்திரவியல் துறைக்குள் ஒரு நாற்காலி கிடைக்கும்; வெப்பஇயக்கவியலும் சேர்த்து நடத்த வேண்டியிருக்கும். சம்பளம் சென்னைக் கம்பெனியை எட்டப் பல ஆண்டு ஆகும். அப்பா இதைக் கேட்பார், மறைக்காமல் சொல். களத்துக்குப் போகும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதைத் தொல்லையாக நினைக்காதே. இன்னொருவர் உடம்பைத் தொட்டு அளக்கப் போகிறோம்.

இன்னும் முடிவு செய்யாமல் இருந்தால் ஒரு வாரம் பொறு. அம்மாவின் தையல் பெட்டியில் இஞ்சு டேப் இருக்கும். காலையில் அவள் கடைக்குக் கிளம்பும் முன், அவளுடைய கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே மிகவும் ஒடுங்கிய இடத்தில் சுற்றி அளந்துகொள். பேனாவால் ஒரு புள்ளி வை, இரவிலும் அதே இடத்தில் அளக்க. டேப்பை இறுக்காதே, சதையைத் தொட்டால் போதும். இரண்டு காலையும் அள. அன்று எவ்வளவு நேரம் நின்றாள், சாய முடிந்ததா என்று கேட்டுப் பக்கத்தில் எழுது. உளைகிறதா கடுக்கிறதா என்று அவள் சொல்லுகிற சொல்லையே எழுது, நீயாக மாற்றாதே. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை அளவும் வேண்டும். ஏழு நாள் தாளையும் எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வா. அத்தை பணியாரம் சுடுகிறாளாம்.

அன்புடன்,
மாமா